நியமனக் கடிதத்தைப் படித்துக் காட்ட ஒரு மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைவாய்ப்புச் சந்தை பற்றிய அறிவிப்பு தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் அதை வெட்டி எடுத்து, எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் கொடுப்பதை நான் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். போன பிள்ளைகளில் பலர் வேலையோடு திரும்புகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவர்களில் சிலர் மூன்று நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்போது அவர்கள் கையில் மடித்து வைத்திருக்கும் தாள் அவர்களுடைய நியமனக் கடிதம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்கள் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்றுதான், அதுவும் ஏதோ ஒரு சிக்கல் வந்த பிறகுதான், அவர்கள் முதன்முறையாகப் படிக்கிறார்கள்.

பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்த நான், 1984ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பினாங்குப் பாலம் அதற்கு அடுத்த ஆண்டுதான் திறக்கப்பட்டது என்பதால் முதல் ஆண்டு முழுவதும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் கடல் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். பின்னர் மனிதவளப் பிரிவுக்கு மாற்றலாகி, எழுத்தராகத் தொடங்கி அதிகாரியாக உயர்ந்து, 35 ஆண்டு சேவைக்குப் பிறகு ஓய்வு பெற்றேன். ஆயிரக்கணக்கான நியமனக் கடிதங்களை என் கையால் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு ஒரு கேள்வியாவது கேட்டவர்களின் முகங்கள் இன்றும் எனக்கு நினைவில் இருக்கின்றன. அந்த அளவுக்கு அவர்கள் குறைவு.

நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது, சுயவிவரக் குறிப்பை எப்படி அமைப்பது என்று சொல்லித்தர இன்று நம்மிடையே நல்ல ஆள்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதோடு நான் சேர்க்க விரும்புவது கொஞ்சம்தான். இயக்கத் தெரிந்த இயந்திரம் எது, பெற்ற திறன் சான்றிதழ் எந்த நிலை, ஓட்டுநர் உரிமம் எந்த வகை என்பனவற்றை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், ஏனென்றால் ஆள் எடுப்பவரின் கண் முதலில் தேடுவது அவற்றைத்தான். வேலை கொடுப்பதற்கு முன்பே வைப்புத்தொகையும் அடையாள அட்டையின் படமும் கேட்கும் வாட்ஸ்அப் ஏஜென்டுகளுக்குப் பதிலே அனுப்ப வேண்டாம். நான் பேச வந்த பொருள் இவற்றுக்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது: வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லப்பட்ட நிமிடத்துக்கும் பேனாவைக் கையில் எடுக்கும் நிமிடத்துக்கும் இடையே நம் பிள்ளைகளுக்கு உதவ யாரும் இல்லை.

அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்பதை மேசைக்கு மறுபக்கத்திலிருந்து பார்த்தவள் நான். காலையில் இருபது பேரை ஓர் அறையில் அமரவைத்து, ஆளுக்கொரு கடிதத்தையும் பேனாவையும் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பாதுகாப்பு விளக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு இருக்கும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பவன் கையெழுத்துப் போட்டுவிட்டானே என்ற பதற்றத்தில் இவனும் போடுவான். கேள்வி கேட்டால் கிடைத்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் நம் பிள்ளைகளிடம் கூடுதலாகவே இருக்கிறது. தோட்டத்துக் கங்காணியிடமும் கணக்கெழுதும் கிராணியிடமும் வாய் திறவாமல் காலம் தள்ளிய தாத்தா பாட்டிமார்களிடமிருந்து அது இறங்கி வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளை மறுநாள் கொண்டுவரலாமா என்று மரியாதையாகக் கேட்ட எவருக்கும் என் பணிக்காலத்தில் நாங்கள் அந்தக் காரணத்துக்காக வேலையை மறுத்ததே இல்லை என்பதை இங்கே உறுதியாகச் சொல்கிறேன்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை முடித்த ஒரு தம்பிக்கு நேர்காணலில் "மாதம் 2,800 ரிங்கிட் வரை எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி அவர் புது மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்கினார். கடிதத்திலோ அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். மீதியெல்லாம் ஷிப்ட் அலவன்ஸ், முழு வருகை அலவன்ஸ், மாதம் 60 மணி நேர ஓவர்டைம். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஓவர்டைம் நின்றது. இரண்டு நாள் காய்ச்சலில் வருகை அலவன்ஸும் போனது. நேர்காணலில் சொன்னதைப் பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் "வரை" என்ற ஒரு சொல் அதில் இருந்தது. இந்த 1,700 என்பது 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். ஐந்துக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட முதலாளிகளுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பொருந்தியது. ஆகவே அவருக்கு முதலாளி விரும்பிக் கொடுத்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தியதைக் கொடுத்து, மற்றதை அவருடைய உழைப்பு நேரத்தின் தலையில் வைத்திருக்கிறார்கள். வீட்டு வாடகையையும் தவணையையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஓவர்டைம் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத ஊதியம் பெறுபவருக்கு, மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து ஒரு நாள் கூலியையும், அதை அன்றாட வேலை நேரத்தால் வகுத்து ஒரு மணி நேரக் கூலியையும் காண வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும், 1,700ஐ 26 ஆல் வகுத்தால் 65 ரிங்கிட் 38 காசு. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 காசு. சாதாரண வேலை நாளில் ஒன்றரை மடங்கு என்ற வகையில் ஓவர்டைம் மணிக்கு 12 ரிங்கிட் 26 காசு. பிறையில் ஒரு கிடங்கில் வேலை செய்த பெண் ஒருத்தி என்னிடம் காட்டிய சம்பளச் சீட்டில் 26க்குப் பதிலாக 30 ஆல் வகுத்திருந்தார்கள். அப்படிச் செய்தால் மணிக்கு 10 ரிங்கிட் 63 காசுதான் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ரிங்கிட்டுக்குச் சற்று மேல் என்பது சிறிய தொகையாகத் தோன்றலாம்; மாதம் 60 மணி நேரம் என்றால் 98 ரிங்கிட். அவள் அங்கே இரண்டு ஆண்டுகள் வேலை செய்திருந்தாள். சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் ஒன்று விடாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் தொழிலாளர் இலாகாவில் அவளால் பேச முடிந்தது. அங்கே புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை, தாள்கள் தேவை.

அடுத்ததாக, "பிடித்தம் எதுவும் இல்லை, முழுச் சம்பளமும் கையில்" என்று சொல்லும் இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சலுகை என்று நினைத்து மகிழ்பவர்கள் நம்மிடையே மிகுதி. சில பெற்றோர்களே அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போகச் சொல்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 1,700 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளி தம் பையிலிருந்து போட வேண்டியது 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். 187 ரிங்கிட் கையில் வந்தது என்று மகிழும் பிள்ளை, அதைவிடப் பெரிய 221 ரிங்கிட்டை ஒவ்வொரு மாதமும் முதலாளியிடமே விட்டுவிட்டு வருகிறது. "மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு கட்டுகிறோம்" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. சேமநிதியும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் வேலையின் முதல் நாளிலிருந்தே கணக்கில் வர வேண்டும். ஒரு மாதத்துக்குரிய சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டிய தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா என்று அந்தத் தேதிக்குப் பிறகு கைப்பேசியிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை நம் இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டும்.

சொக்சோவைப் பற்றி ஒரு செய்தி நெஞ்சிலேயே நிற்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் வழி மாறாமல் செல்லும்போது நேரும் விபத்தும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. விடியற்காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு வாகனப் பட்டறையில் கைக்காசுக்கு வேலை செய்த பையன் அப்படித்தான் ஒரு காலையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். அவன் அங்கே வேலை செய்ததைக் காட்ட நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லை; முதலாளி "நாளைக்குச் சீக்கிரம் வா" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே இருந்தன. அவற்றையும் அவனுடைய அம்மா ஒவ்வொன்றாகப் படமெடுத்து அச்சிட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். 2023ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் இங்கே ஓரளவு துணை நிற்கின்றன. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தை முதலாளி தீர்மானிக்கிறார், கருவிகளை அவரே தருகிறார், மாதந்தோறும் ஊதியமும் தருகிறார் என்றால் வேலை செய்பவர் ஊழியரே என்று சட்டம் இப்போது அனுமானிக்கிறது. ஆகவே எழுத்தில் எதுவும் கிடைக்காதவர்கள் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப் போவதை நான் நெடுங்காலம் யாரிடமும் சொன்னதில்லை. 2001ஆம் ஆண்டு உலகெங்கும் மின்னணுத் துறை சரிந்தபோது பினாங்கில் பல தொழிற்சாலைகள் ஆள் குறைத்தன. நான் வேலை செய்த இடத்தில் சிலரை அழைத்து, முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். "தானாக விலகியதாக இருந்தால் அடுத்த வேலைக்கு நல்லது" என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வாசகம். அவர்களில் ஒருவர் ஒன்பது ஆண்டு சேவை முடித்த தமிழ்ப் பெண்மணி; நான் உற்பத்திப் பிரிவில் இருந்த காலத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரின் தங்கை. 1980ஆம் ஆண்டின் ஆள் குறைப்பு இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் கூலி என்ற கணக்கில் அவருக்கு 180 நாள் கூலி வர வேண்டியிருந்தது. விலகியவருக்கு அது இல்லை. அந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் கடிதத்தைத் தமிழில் விளக்கினேன். விளக்கியவள் நான் என்பதாலேயே அவர் நம்பிக் கையெழுத்திட்டார். ஒரு மாதச் சம்பளத்தோடு அவர் வெளியேறினார். அந்தப் பணத்தை என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்தவர் அதே இடத்தில் உட்காரும்போது பக்கத்தில் விதி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த ஒரு காலை வேளைதான்.

இன்று அந்தக் கையெழுத்தின் விலை இன்னும் அதிகம். 2018ஆம் ஆண்டிலிருந்து வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. வேலை இழந்தவர் போதிய சந்தா செலுத்தியிருந்தால், வேலை தேடும் காலத்தில் முதல் மாதம் காப்புறுதிக்கு உட்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 என்று உதவித்தொகை பெறலாம். தானாக விலகியவருக்கு அது கிடைக்காது. எனவே நிறுவனம் உங்களை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், அந்த முடிவை நிறுவனமே எழுத்தில் தரட்டும். அவர்கள் எழுதிய ராஜினாமாவில் நீங்கள் கையெழுத்திட வேண்டாம். இந்த உதவிக்கு வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் முறையிடுவதற்கும் 60 நாள்தான். இந்தக் கெடுவைக் கோட்டை விட்டவர்கள் எத்தனை பேரோ என் திண்ணைக்கு வந்து கண் கலங்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் வருபவருக்கு நான் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

பிள்ளைகள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. சம்பளம் வாங்கிய மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது நம் இளைஞர்களிடம் பெருகிவிட்டது. விடுப்பு இல்லாமலும் தகுந்த காரணம் சொல்லாமலும் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை முறித்ததாகச் சட்டம் கொள்ளும். முன்னறிவிப்புக் காலத்துக்குரிய தொகையை முதலாளி உங்களிடமே கேட்கலாம். கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். எந்தக் காலமாக இருந்தாலும் அது இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முதலாளிக்கு ஒரு வாரம், தொழிலாளிக்கு இரண்டு மாதம் என்று எழுதிய கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுத அவர்களுக்கு உரிமை இல்லை. விலகிய பிறகு அதே தொழிலில் வேறு எங்கும் சேரக் கூடாது என்ற நிபந்தனையைக் கண்டும் பலர் நடுங்குகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாததாக்குகிறது. பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் வேறு வகையானது. அதில் எழுதியிருக்கும் தொகையையும் ஆண்டையும் நிதானமாகப் படித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் சிறு முதலாளிகளுக்கும், அதாவது உணவகம், லோரி சேவை, பட்டறை, மளிகைக் கடை என்று நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "நம்ம பையன்தானே, கடிதம் எதற்கு" என்று கேட்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை எதுவானாலும் அதன் ஒப்பந்தமும், அதை முடித்துக்கொள்ளும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை நேரம் இருக்கக் கூடாது. ஊதியக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் போய்ச் சேர வேண்டும். இவற்றையும், வேலை என்ன, யாரிடம் பொறுப்பு, ஆண்டு விடுப்பு எத்தனை நாள் என்பதையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளை தொழிலாளர் இலாகாவில் நின்று வாதாட வேண்டிய தேவை உங்களுக்கே குறையும். நல்ல பையன்கள் ஏன் நிலைப்பதில்லை என்று என்னிடம் வருந்திய ஒரு லோரி முதலாளி, கடிதமும் சம்பளச் சீட்டும் கொடுக்கத் தொடங்கிய பிறகு இரண்டு ஓட்டுநர்கள் அதைக் கொண்டு வங்கியில் வீட்டுக் கடன் பெற்றார்கள். இன்றும் அவரிடமே இருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் வழியாக நான் கேட்பது இது. வேலைவாய்ப்புச் சந்தை நடத்தும் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் நேர்காணல் கூடங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு மேசையைப் போட வேண்டும். சட்டம் தெரிந்த ஒருவர், அல்லது என்னைப் போல் மனிதவளப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்து, பிள்ளைகளின் கைக்கு வந்த கடிதத்தைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டினால் போதும்; ஒருவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சந்தை முடிந்த பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்குச் சனிக்கிழமை காலைகளில் அந்த மேசை இருக்க வேண்டும், ஏனென்றால் கடிதங்கள் அப்போதுதான் வந்து சேரும். செபராங் பிறையில் யார் ஏற்பாடு செய்தாலும் நான் வந்து உட்காரத் தயார். கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும், அவற்றை மேலதிகாரியிடம் மரியாதையாகக் கேட்பதற்கான வாக்கியங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அதற்கு இடம் தருவதாக இருந்தால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனிதவள அதிகாரி,
பட்டர்வொர்த், பினாங்கு.